இடது தோளில் ஒட்டிய டேப்பு

பிரிக்காதே கண்ணு. அப்படி வெடுக்கென்று இழுத்தால் டேப்போடு தோலும் கூடவே வந்துவிடும். வீட்டுக்குப் போய் ஓரத்தில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடு, உட்கார்ந்து நிதானமாக ஒரு டீ குடி, அப்புறம் தோலை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மெதுவாக உரி. நோகாமல் வந்துவிடும்.

என்ன அப்படிப் பார்க்கிறே? இந்த அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றுதானே? தெரியும். நீ வாலிபாலா? நினைத்தேன், உயரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வலிக்கிற தோளில் இந்த டேப்பை ஒட்டியது யார்? நீயேவா? அதுதான் பார், நுனியெல்லாம் சுருண்டு கிடக்கிறது. மூலையை வட்டமாக வெட்டவில்லை. மூலை இருந்தால் துணி உரசி உரசி அங்கேயிருந்துதான் கிளம்பும். என் வீட்டுக்காரர் பார்த்தார் என்றால் ஒரு வார்த்தை பேசாமல் அத்தனையையும் உரித்துப்போட்டுவிட்டு முதலில் இருந்து ஒட்டுவார்.

ஒரு வார்த்தை பேசாமல். அதைச் சொன்னதும்தான் எனக்கு எல்லாம் கிளம்பி வருகிறது. பஸ்ஸில் நீ எங்கே இறங்கணும்? பெருந்துறையா? நான் திருப்பூர், மகன் வீட்டுக்கு. அப்படியென்றால் சொல்லி முடிக்க நேரம் இருக்கிறது.

என் பேர் சம்பூரணம். எங்கள் ஊர் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். வீட்டுக்காரர் குஷன் கடை வைத்திருக்கிறார். வண்டி சீட்டுக்கெல்லாம் ரெக்ஸின் போடுகிற வேலை. பைக் சீட்டு, கார் சீட்டு, டிராக்டர் சீட்டு, எது வந்தாலும் ஒரு சுருக்கம் இல்லாமல் போட்டுக் கொடுப்பார். அவர் போட்ட சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்பார்கள். நான் சொல்லவில்லை, வருகிறவர்கள் சொல்வது. எனக்கு எதற்கு வம்பு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஜெபமணி என்று விளையாட்டு டீச்சர். ஒருநாள் நான் அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோர் ரூமிலிருந்து அடுப்படிக்குப் போவதைப் பார்த்துவிட்டு, வாயில் வைத்த விசிலை ஊத மறந்து நின்றுவிட்டார். அப்புறம் கிட்டே வந்து வயசு கேட்டார். ஐம்பத்தொண்ணு என்றேன். மூத்தோர் தடகளம் என்று ஒரு போட்டி இருக்கிறது, வயசு வாரியாகப் பிரித்து வைப்பார்கள், கார்த்திகையில் ஈரோட்டில் மாவட்ட அளவில் நடக்கப்போகிறது, நீங்கள் குண்டு எறியலாம் என்றார். ஐம்பது தாண்டின பெண்களுக்கு மூணு கிலோ குண்டுதானாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டு அம்மிக்குழவியே அதைவிடக் கனம். ஆனால் பார், அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கை சும்மா இருக்கவில்லை. நடந்துகொண்டே எறிகிற மாதிரி நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். எதிரே வந்த ஒருத்தர் வணக்கம் வைக்கிறேன் என்று நினைத்துத் திருப்பி வணக்கம் வைத்தார்.

அந்த வாரமே என் தம்பி சென்னியப்பன் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஆவணி மாசம். பந்தியில் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், நான் சாம்பார் வாளியோடு வருகிறேன். தம்பி சும்மா இருக்காமல், அக்கா ஏதோ போட்டிக்குப் போகுதாமே மச்சான் என்று கேட்டான். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், இன்றைக்கும் அந்தக் குரல் அப்படியே என் காதில் இருக்கிறது:

"ஆமா மாப்ளே, குண்டு எறியப் போகுது. எது எதை எறியப் போகுதுன்னுதான் தெரியலை."

பந்தி மொத்தமும் சிரித்தது. இந்த வரிசை, எதிர் வரிசை, தண்ணீர் வைத்துக்கொண்டு வந்த பிள்ளை எல்லோரும். நான் ஒல்லி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதுக்காக முப்பது வருஷமாகச் சோறு போடுகிறவளைச் சோறு போடுகிற இடத்தில் வைத்து, என் பிறந்த வீட்டு ஆட்கள் முன்னால், குண்டு என்கிற ஒரு சொல்லை எடுத்து ரெண்டு பக்கமும் திருப்பி அடித்தால்? உனக்குக் கோபம் வருமா வராதா? வரும்.

நானும் ஒன்றும் பெரிசாகச் சொல்லிவிடவில்லை. வாளியைக் கீழே வைத்தேன். "ரோடு தோண்டின நாள்ல இருந்து கடையில ஈ ஓட்டிட்டு இருக்கறவருக்கு, வாய் மட்டும் நல்லா ஓடுது" என்றேன். அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் விளக்கணும். எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடைக்கு என்று அவர் கடைத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆனியில் தோண்டினது. ஒரு சைக்கிள் போக வழியில்லை, அப்புறம் எந்த வண்டி குஷன் கடைக்கு வரும்? காலையில் போய்க் கடையைத் திறந்து, அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருவார். அப்புறம் அதுவும் வேண்டாம் என்று மெஷினை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்த விஷயத்தைத்தான் நான் சொன்னேன்.

அவர் சொன்னதைவிட நான் சொன்னதுக்குச் சிரிப்பு அதிகம். என் தம்பிக்குப் புரையேறிவிட்டது. எனக்குள்ளே ஒரு திருப்தி. அவர் பாயசம் வருவதற்கு முன்னாலேயே இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, அதனால் பாயசம் வேண்டாம் என்று எழுந்திருப்பார்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். இனிமேல் இந்த மனுஷனோடு பேச்சு இல்லை. அவராக வந்து முதலில் பேசினால் ஒழிய, என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. தண்டனை கொடுத்தால்தான் ஆம்பிளைக்குப் புத்தி வரும் கண்ணு. அவரும் அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பை உணர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். தண்டனையை அவ்வளவு ஒழுங்காக அனுபவித்தார்.

பேசாமல் ஒரு வீட்டில் எப்படி இருப்பது என்று கேட்பாய். முதல் ரெண்டு வாரம் மகனைப் போனில் பிடித்தோம். உங்க அப்பாகிட்ட கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு என்பேன். அவன் திருப்பூரில் இருந்து அப்பாவுக்குப் போட்டுச் சொல்லுவான். அடுத்த அறையில் மணி அடிக்கிறது எனக்கே கேட்கும். அவனும் எத்தனை நாள் பொறுப்பான், ஒருநாள் ரெண்டு பேரும் நாசமாப் போங்க என்று வைத்துவிட்டான். அதுக்கப்புறம் நான் சோற்றுப் பானையோடு பேசினேன், அவர் தையல் மெஷினோடு பேசினார். "சோறு ஆறிட்டு இருக்கு" என்று பானையைப் பார்த்துச் சொல்வேன். "இந்த ஒரு மடிப்பு முடிஞ்சா சாப்பிடலாம்" என்று அவர் மெஷினுக்குச் சொல்வார். வீடு அது பாட்டுக்கு நடந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லாமல் போனது, நான் அவரை ஏனுங்க என்று கூப்பிடுவது. ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் போல, நிறுத்தின பிறகுதான் தெரிந்தது, வாய் சும்மா இருக்கிற மாதிரி ஒரு உணர்ச்சி. அது கிடக்கட்டும்.

அந்தக் கோபத்தோடுதான் பயிற்சிக்குப் போனேன். டீச்சர் முதல் நாள் பத்து எறி போதும் என்றார். நான் நாற்பது எறிந்தேன். ஒவ்வொரு எறிக்கும் அந்தப் பந்தியை நினைத்துக்கொண்டேன், குண்டு பறந்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் லேசாக இறுக்கம். மூணாம் நாள் காலையில் எழுந்தால் வலது கை எனக்குச் சொந்தமே இல்லை. தலை சீவக் கை மேலே போகவில்லை. பின்னல் போட முடியாமல் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கரண்டி பிடித்தால் தோளிலிருந்து முதுகு வரைக்கும் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது.

டீச்சர் பார்த்துவிட்டுச் சிரித்தார். பழக்கமில்லாத தசையை ஒரேயடியாக வேலை வாங்கினால் இப்படித்தான், ரெண்டாம் நாள் மூணாம் நாள்தான் ரொம்பப் பிடிக்கும், நாலைந்து நாளில் தானே போய்விடும் என்றார். போய்விடும் என்று எனக்கும் தெரியும், அதுவரைக்கும் முந்நூறு பிள்ளைக்குச் சாம்பார் யார் கிண்டுவது? அப்போதுதான் அவர் பையிலிருந்து இந்த டேப்பைச் சுருளோடு எடுத்துக் கொடுத்தார். ரோஸ் கலர். இழுத்தால் இழுபடுகிறது, விட்டால் சுருங்குகிறது. இது மருந்து இல்லை, சம்பூரணம்மா, சிலருக்கு இதமாக இருக்கிறது, சிலர் எல்லாம் மனசுதான் என்கிறார்கள், ஒட்டிப் பாருங்கள் என்றார். எப்படி ஒட்டுவது என்றும் நிறையச் சொன்னார். அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது, பாதிதான் காதில் விழுந்தது.

முதல் தடவை என்ன பண்ணினேன் தெரியுமா? வலிக்கிறதே என்று விளக்கெண்ணெயைச் சுட வைத்துத் தோள் பூரா நன்றாகத் தேய்த்துவிட்டு, அதுக்கு மேலே டேப்பை ஒட்டினேன். நம் ஊரில் வலி என்றால் முதலில் கை போவது எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தானே. அது தோளில் நிற்குமா? வழுக்கிக்கொண்டு போய் முந்தானையில் ஒட்டிக்கொண்டது. நாள் பூரா ஒரு ரோஸ் வாலை இழுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறேன். ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை.

ரெண்டாம் தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒட்டினேன். ஆனால் நன்றாக இழுத்து ஒட்டினால்தானே வலியை நன்றாக இழுக்கும் என்று, ஒரு நுனியைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டு மறு நுனியை முழு இழுப்பாக இழுத்து, நானே சுற்றி வந்து முதுகில் பதிய வைத்தேன். பலமான ஒட்டு. சாயங்காலம் ரெண்டு நுனியிலும் தோல் சிவந்து, தீப்பட்ட மாதிரி கொப்புளம். தசை வலியாவது நாலு நாளில் போகிற வலி. இது புதுசாக நானே வாங்கிக்கொண்ட வலி.

அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று முனகிக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தம் நின்றது. அப்புறம் அவர் மெஷினிடம் சொன்னார்:

"ரெக்ஸினை விளிம்புல இழுக்கக் கூடாது. நடுவுல லேசா இழுக்கணும். விளிம்பைச் சும்மா உட்கார வெக்கணும்."

நான் பானையிடம் சொன்னேன், சொல்றதுக்கு ஆள் இருக்கு, செய்யறதுக்குத்தான் ஆள் இல்லை என்று.

அவர் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. வந்தார். கொப்புளத்தைப் பார்த்தார். தோல் ஆறட்டும் என்று கையில் இருந்த கத்தரிக்கோலிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நாலு நாள் கழித்து, ஆறின பிறகு, நான் ஒன்றும் கேட்கவில்லை, ஸ்டூலை இழுத்து ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் போட்டார். நான் போய் உட்கார்ந்தேன்.

அவர் ஒட்டின விதத்தை நீ பார்த்திருக்கணும். ஒரு புது சீட்டைப் பார்க்கிற மாதிரி முதலில் தள்ளி நின்று தோளைப் பார்த்தார். கட்டை விரலை வைத்து அங்கே இங்கே தட்டினார். டேப்பை அளந்து வெட்டினார். மெஷினில் நூல் சுற்றுகிற பாபினை மூலையில் வைத்துச் சுற்றி வட்டமாக வெட்டினார், நாலு மூலையும் ஒரே மாதிரி. "கை முன்னால போகட்டும்" என்றார் டேப்பிடம். போயிருச்சு என்றேன் நான் ஜன்னலிடம். "குனிஞ்சா நல்லது." குனிஞ்சாச்சு. ஒரு நுனியை இழுக்காமல் வைத்து, நடுவில் லேசாக ஓர் இழுப்பு, மறு நுனியைச் சும்மா உட்கார வைத்தார். ஒரு சுருக்கம் இல்லை. அப்புறம் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். சூடேறினால்தான் பசை பிடிக்கும் என்று டீச்சர் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, அவர் தானாகவே தேய்க்கிறார். ரொம்ப நேரம் தேய்த்தார். நல்ல பசை பிடிக்க நேரமாகும் போலிருக்கிறது.

மறுநாள் தோள் என்னமோ காற்றாக இருந்தது. டீச்சர் சொன்ன நாலு நாளும் முடிந்திருந்தது என்பது வேறு விஷயம். நான் டேப்புதான் என்று சொல்வேன்.

அதுக்கப்புறம் நாலு நாளைக்கு ஒருதரம். டேப்பு பழசானதும் எண்ணெய் விட்டு அவரே உரிப்பார், ஒரு நாள் தோலைக் காற்றாட விடுவார், மறுநாள் ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுவார். புரட்டாசி போனது, ஐப்பசி போனது. என் குண்டும் அஞ்சு மீட்டரில் இருந்து கிளம்பி அஞ்சே முக்கால், ஆறு என்று நகர்ந்தது. டீச்சருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஒரு சந்தேகமும். உடம்பு பழகிவிட்டதே, இன்னுமா வலிக்கிறது, பழகின உடம்புக்கு இப்படி வலி வரக் கூடாதே, எதற்கும் ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாமா என்றார். டாக்டரெல்லாம் வேண்டாங்க டீச்சர், டேப்புக்கே கேட்குது, இன்னொரு சுருள் எங்கே கிடைக்கும் என்றேன். வலி இருந்ததா என்று நீயும் கேட்காதே. இருந்தது என்று வைத்துக்கொள்.

ஒருநாள் மட்டும் ஒரு சின்னக் குழப்பம் ஆகிவிட்டது. பழைய டேப்பை உரித்த மறுநாள், ஸ்டூலில் போய் உட்கார்ந்து, வழக்கம் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு தோளைப் பிடித்தேன். அவர் என் கையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். அப்புறம் அளந்தார், வெட்டினார், ஒட்டினார், தேய்த்தார். எல்லாம் முடிந்து மெஷினுக்குப் போய் உட்கார்ந்து, நூலைக் கோத்துக்கொண்டே அதனிடம் சொன்னார்: "வலி கை மாறியிருக்குது போல." எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடம் போய் டீச்சர் கேட்ட பிறகுதான் பார்த்தேன், டேப்பு இடது தோளில் இருக்கிறது. நான் எறிவது வலது கையால். அவசரத்தில் கை மாற்றிப் பிடித்திருக்கிறேன். அவருக்காவது தெரிய வேண்டாமா, தெரிந்தே அப்படியா ஒட்டுவது? ஆனால் நாலு நாளும் நான் அதை உரிக்கவில்லை. நல்ல டேப்பு, எதற்கு வீணாக்கணும்.

இப்படியே கார்த்திகை வந்தது. மூணு மாசம். அவர் முதலில் பேசவில்லை, நானும் பேசவில்லை. இதில் நான் ஜெயிக்கணும் என்பது எனக்கு மாவட்டப் போட்டியைவிடப் பெரிசாக இருந்தது. ஆனால் ராத்திரி படுக்கும்போது ஒரு பயம் வரும். இவர் பேசவே மாட்டாரோ, இப்படியே பானையும் மெஷினுமாகவே மீதிக் காலம் போய்விடுமோ என்று. அதை யாரிடம் சொல்வது? பானையிடம்தான் சொன்னேன், மெதுவாக.

போட்டிக்குத் தம்பி சென்னியப்பன் காரோடு வந்துவிட்டான். இவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. பார்த்தால் விடியலில் சட்டை மாட்டி, கத்தரிக்கோல், பாபின், டேப்பு எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். கார்கிட்டே ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

மைதானத்தில் பார்த்தால் எல்லாம் என் வயசும் அதுக்கு மேலேயும். தலை பூரா நரை, கீழே ஷூ, மேலே நம்பர் குத்தின பனியன். சத்தியமங்கலத்துக்காரர் ஒருத்தர், அறுபத்தெட்டு வயசு, ஓட்டக்காரர், முந்தின நாள் ஓடிப் பார்த்ததில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டுகிறார். என் தோளைப் பார்த்தார். எந்த ஆஸ்பத்திரியில ஒட்டினாங்க, இவ்வளவு சுத்தமா இருக்கே என்று கேட்டார். எந்த ஆஸ்பத்திரியும் இல்லைங்க, அதோ வேப்பமரத்தடியில் மஞ்சப்பையோடு நிற்கிறாரே, அவர் என்றேன். அவ்வளவுதான். சத்தியமங்கலத்துக்காரர் போய்க் காலை நீட்டினார். அவர் பின்னால் ஒரு முழங்கால்காரர். அவர் பின்னால் ஒரு முதுகுக்காரர். கொஞ்ச நேரத்தில் வேப்பமரத்தடியில் வரிசை நிற்கிறது. இவர் ஒருத்தர் ஒருத்தராக உட்கார வைத்து, தள்ளி நின்று பார்த்து, பாபினை வைத்து வெட்டி, யாரோடும் ஒரு பேச்சு இல்லாமல் ஒட்டுகிறார். காயம் மாதிரி இருந்தால் மட்டும் இது தசைப் பிடிப்பு இல்லைங்க, டாக்டரைப் பாருங்க என்று திருப்பி அனுப்பினார்.

அந்தச் சத்தியமங்கலத்துக்காரர் எழுந்து நாலு தப்படி நடந்து பார்த்துவிட்டு, உங்க கடை எங்கேங்க, ஒரு நாள் வந்து வண்டி சீட்டையும் கொடுத்துட்டு இதையும் கத்துக்கறேன் என்று கேட்டார். இவர் குனிந்தபடியே அடுத்த காலுக்கு டேப்பை அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் என் தம்பி வேறு நிற்கிறான். அப்புறம் நான் என்ன செய்வது, கேட்டவருக்குப் பதில் சொல்லணும் இல்லையா?

"வாங்க, ஆனா சொல்லிட்டு வாங்க. கடையில வேலை தலைக்கு மேல கிடக்குது. அவருக்கு நேரம் கிடைக்கறதே பெருசு."

நான் சொன்னேன். தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வேறு பக்கம் பார்த்தான். என் வீட்டுக்காரர் கத்தரிக்கோல் டேப்பின் பாதியில் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் வெட்டினார். அந்த ஒரு மூலை மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது, நான் கவனித்தேன். வெயில் கண்ணில் அடித்திருக்கும்.

அதற்குள் மைக்கில் எங்கள் பிரிவைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாலே பேர். ஆளுக்கு மூணு எறி. முதல் எறி வட்டத்தைத் தாண்டிக் கால் வைத்துவிட்டேன், செல்லாது. ரெண்டாவது அஞ்சு எழுபது. மனசு விட்டுப்போச்சு. மூணாவதுக்குக் குண்டைக் கழுத்தில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்க்கிறேன், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒருத்தர் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மூணு மாசம் அந்தத் தோளை ஒட்டி ஒட்டித் தேய்த்த ஆள், அது எதுக்கு என்று பார்க்க வேண்டாமா? இருமிப் பார்த்தேன். பார்க்க வேண்டியவங்க பார்க்கலை என்று குண்டிடம் சொன்னேன், கொடி பிடித்திருந்த அதிகாரி என்னம்மா என்றார். நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஏனுங்க."

கொஞ்சம் சத்தமாகத்தான் வந்துவிட்டது. மைதானத்தில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம் திரும்பினார்கள். நம்ம பக்கத்தில் எந்த வீட்டில்தான் ஏனுங்க இல்லை? பத்துப் பதினைந்து பேர், ஓடிக்கொண்டிருந்த ஒருத்தர் உட்பட, எங்கேயோ தன் சம்சாரம் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருத்தர் வந்துட்டேன் என்றே சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் திரும்பவில்லை. அந்தச் சொல் தனக்கில்லை என்று இருந்துவிட்டார் கண்ணு. மூணு மாசமாக அவர் காதில் விழாத சொல் இல்லையா.

அப்போது எனக்கு என்னமோ ஆகிவிட்டது. நான் என் வீட்டுக்காரர் பேரை என் வாயால் சொன்னதே இல்லை. ஓட்டுப் பட்டியலுக்கு வந்து கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவேன். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்லணும் என்றால் மகனைச் சொல்லச் சொல்வேன். அப்பேர்ப்பட்டவள், கழுத்தில் மூணு கிலோ குண்டோடு, அத்தனை பேர் நடுவில், வாயைத் திறந்து கூப்பிட்டேன்.

"நாச்சிமுத்து."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். இவர் எழுந்தார். கையில் கத்தரிக்கோலோடு அங்கேயிருந்து நேராக நடந்து வந்தார், கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். மெஷினும் இல்லை, டேப்பும் இல்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சம்பூரணம்?"

கூப்பிட்டாச்சு, வந்து நிற்கிறார், ஏதாவது சொல்லணும். டேப்பு உரியுதுங்க என்றேன். பின்னால் வந்து பார்த்தார், கட்டை விரலால் ஓரமாக ஒருதரம் அழுத்தினார்.

"உரியலை."

"அப்படிங்களா."

"ரோட்டுக் குழியை இன்னும் மூடலையே சம்பூரணம். தலைக்கு மேல வேலைன்னுட்டே."

"மூடுவாங்க."

"ம். எறி."

எறிந்தேன். ஆறு தொண்ணூற்றிரெண்டு. மூணாவது இடம். நாலு பேரில் மூணாவது என்று என் தம்பி சொல்லிக்கொண்டு திரிகிறான், அவனுக்கு வேறு வேலை இல்லை. என் வாழ்நாளில் நான் எறிந்ததிலேயே தூரம் அதுதான், அதை அவன் சொல்லமாட்டான்.

அதோடு என் தண்டனைக் காலம் முடிந்தது. நான் ஜெயித்துவிட்டேன். முதலில் பேசியது அவர்தானே?

நீயும் என் மகன் மாதிரியே சிரிக்கிறே. அவனும் போனில் இதைத்தான் சொன்னான், அம்மா, நீங்கதானே முதல்ல கூப்பிட்டீங்க என்று. கூப்பிடுவது வேறு, பேசுவது வேறு கண்ணு. பஸ்ஸைக் கூடத்தான் கை காட்டிக் கூப்பிடுகிறோம், அதோடு பேசவா செய்கிறோம்? என்ன சம்பூரணம் என்று கேட்டார் பார், அதுதான் பேச்சு. அதைக் கேட்டது அவர். மைதானம் பூரா சாட்சி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நானே கேட்டுவிட்டேன், நாளைக்கு ஒரு தகராறு வரக் கூடாது பார். முதல்ல பேசினது யாருங்க என்றேன். "நான்தான்" என்றார். உடனே ஒத்துக்கொண்டார், எதிர்ப்பேச்சு ஒன்று இல்லை. ஒத்துக்கொண்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டே தனக்குள்ளே சிரிக்கிறார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை.